ஓடிக்கொண்டிருந்த அம்பாசடர் நின்றுபோய், மறுபடி கிளம்ப மறுத்தால்: காரணத்தைத் தேடும் முறை

பழைய கார் வழியில் நின்றுபோனால் பெரும்பாலோர் முதலில் கைவைப்பது கார்புரேட்டரில்தான். அது கண்ணுக்கு எதிரே இருக்கிறது, கழற்றுவதற்கும் எளிது, பெட்ரோல் வாடையும் அங்கிருந்தே வருகிறது. ஆனால் ஓடும்போது நின்று, சற்று நேரம் கழித்துத் தானே உயிர்பெறும் கார்களில் குற்றவாளி பல வேளைகளில் மின்பொறிப் பக்கம் ஒளிந்திருக்கிறது என்பதும், கோளாறு நிகழ்ந்துகொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களிலேயே சோதித்துப் பார்க்காவிட்டால் அது அகப்படாது என்பதும் என் அனுபவம். பேட்டரியின் மின்சாரத்தைப் பொறிக்குத் தேவையான உயர் மின்னழுத்தமாக மாற்றும் காயில் ஆறிவிட்டால் பொறி வந்துவிடும். பொறி வந்துவிட்டால் அதற்குச் சற்று முன்பு கழற்றித் துடைத்த கார்புரேட்டருக்குப் பெயர் போய்ச் சேரும். அடுத்த வாரம் அதே கார் வேறோர் ஊரின் எல்லையில் மறுபடி நிற்கும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் உள்ள இந்துஸ்தான் அம்பாசடர். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரிலிருந்து பிறந்து, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை உற்பத்தியான இந்தக் காரில் பிற்காலத்தில் வேறு எஞ்சின்களும் வந்தன. எனினும் பாயிண்ட்டும் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டு அறுக்கும் தொடுமுனைகள்), அதன் துணையான கன்டென்சரும், கார்புரேட்டரும் கொண்ட பழைய எஞ்சினைத்தான் இன்று ஆர்வலர்கள் பலர் வைத்திருக்கிறார்கள். 1089 சி.சி. பிரீமியர் பத்மினிக்கும், சென்னையில் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கும் முறை இதுவேதான். உறுப்புகள் இருக்கும் இடங்கள் மட்டும் மாறும்.

முதலில் கவனிக்க வேண்டியது: எஞ்சின் எப்படி நின்றது?

வண்டியை ஓரங்கட்டியதும் பானட்டைத் திறக்காமல் ஒரு நிமிடம் இருக்கையிலேயே அமர்ந்து, நின்ற விதத்தை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். விளக்கு அணைவதுபோல ஒரே நொடியில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் எஞ்சின் ஓய்ந்ததா? அப்படியானால் மின்சாரத்தைச் சந்தேகிக்கலாம். சில நூறு மீட்டர் தூரம் இருமி, இழுவை குறைந்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மேலும் துவண்டு, காலை எடுத்தால் சற்றே தேறி, இறுதியில் நின்றதா? அது பெட்ரோல் குறைந்து போவதன் அடையாளம். கரும்புகையும் பெட்ரோல் நெடியுமாகத் திணறி நின்றிருந்தால் பெட்ரோல் தேவைக்கு மேல் பாய்ந்திருக்கிறது. வெப்பமானி முள் ஏறிக்கிடக்க, இழுவை மெல்லமெல்லக் குறைந்து, ஒரு கனத்த இறுக்கத்தோடு நின்றிருந்தால் மேற்கொண்டு எதையும் செய்யக் கூடாது; எஞ்சினைச் சுற்றவும் கூடாது. ரேடியேட்டர் மூடியைத் திறக்காமல், குளிர்ந்த நீரை ஊற்றாமல், ஒரு மணி நேரமாவது ஆறவிட்டுத்தான் அதன் அருகே போக வேண்டும்.

இன்னும் சில செய்திகளையும் சேர்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. நின்றது வேகமாகப் போகும்போதா, தேநீருக்கு நிறுத்திவிட்டுக் கிளம்பிய ஐந்தாவது நிமிடத்திலா, மேட்டில் ஏறும்போதா, பள்ளத்தில் குலுங்கியபோதா, மழைநீர் தேங்கிய சாலையைக் கடந்த பின்பா, சற்று முன்புதான் பெட்ரோல் நிரப்பினீர்களா? இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைக் காட்டும். சாவியைத் திருப்பியபடி வைத்துப் பார்க்கும்போது சார்ஜிங்கைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். எஞ்சின் நின்றிருக்கையில் அது எரிய வேண்டும். எரியவில்லை என்றால், அந்த பல்பே போய்விட்ட காராக இல்லாத பட்சத்தில், சாவிச் சுவிட்சிலிருந்து வரும் மின்சாரமே அறுந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

சாவியைத் திருப்பியபடியே விட்டுவிட்டு வெளியே இறங்குவது பலர் செய்யும் பிழை. பாயிண்ட் மூடிய நிலையில் எஞ்சின் நின்றிருந்தால் காயில் வழியே மின்சாரம் இடைவிடாமல் ஓடும். முதன்மைச் சுற்றின் மின்தடை 3 ஓம் என்றால் 12 வோல்ட்டில் 4 ஆம்பியர், அதாவது 48 வாட் வெப்பம் அந்தச் சிறு டப்பாவுக்குள் இறங்கும். நல்ல காயிலையே கெடுத்துவிட்டு, பிறகு கெட்ட காயிலைக் கண்டுபிடித்ததாக மகிழ்வது இப்படித்தான் நேர்கிறது.

செல்ஃப் சுற்றுகிறதா?

செல்ஃப் அடித்தால் எஞ்சின் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறது என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். 'டிக்' என்ற ஓசையோடு நின்றுவிடுகிறது, அல்லது சோம்பலாகச் சுற்றுகிறது என்றால், முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடித்துப் பாருங்கள். விளக்கு அடியோடு மங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல்களில் வெள்ளைப் பூஞ்சைபோல உப்புப் படிந்து இணைப்பு விட்டிருக்கிறது. விளக்கு மங்காமல் அப்படியே பளிச்சென்று எரிந்தால் செல்ஃபுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சோலனாய்டு அல்லது செல்ஃப் மோட்டாரின் பக்கம் கோளாறு. மல்டிமீட்டர் இருந்தால், ஓய்விலிருக்கும் நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் சுற்றும்போது அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. அப்படி இறங்கும் பேட்டரியால் எஞ்சின் எப்படியோ சுற்றினாலும், காயிலுக்குப் போதிய மின்சாரம் மிஞ்சாது.

எஞ்சினையும் உடலையும் இணைக்கும் எர்த் பட்டையை மறந்துவிடக் கூடாது. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், அந்தப் பட்டை கழன்றாலோ துருப்பிடித்தாலோ செல்ஃபின் பெருமின்சாரம் திரும்பிவர வேறு வழி தேடும். சோக் (குளிர்ந்த எஞ்சின் கிளம்பப் பெட்ரோலைக் கூட்டித் தரும் அமைப்பு) கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் என்று கிடைத்த உலோகத்தின் வழியாக ஓடும். செல்ஃப் அடித்த பின் சோக் குமிழ் கைக்குச் சுட்டால் வேறு சோதனையே தேவையில்லை.

பொறி வருகிறதா?

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் கிளம்பவில்லை என்றால், பெட்ரோல் பக்கம் போகும் முன் பொறியைப் பார்த்துவிட வேண்டும். இந்த வரிசையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பெட்ரோல் குழாய்களைக் கழற்றிவிட்ட பிறகு சுற்றிலும் பெட்ரோல் ஆவி நிற்கும். அங்கே பொறியைத் தெறிக்கவிட்டுப் பார்ப்பது காரையே கொளுத்துவதற்குச் சமம். தவிர, வெப்பத்தால் வரும் மின்கோளாறு சில நிமிடங்களில் மறைந்துவிடும். பெட்ரோல் கோளாறோ பெரும்பாலும் காத்திருக்கும்.

காயிலின் நடுவிலிருந்து வரும் தடித்த ஒயரை டெல்கோவின் (ஒவ்வொரு பிளக்குக்கும் பொறியைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர்) மூடியிலிருந்து பிடுங்கி, அதன் முனை எஞ்சினின் வெறும் உலோகத்திலிருந்து 5 அல்லது 6 மி.மீ. தள்ளி நிற்குமாறு, உறை போட்ட இடுக்கியால் பிடித்துக்கொள்ளுங்கள். கையால் பிடிக்கக் கூடாது. இதயமுடுக்கி பொருத்தியவர்கள் இந்தச் சோதனையில் இறங்கவே வேண்டாம். இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொன்னால், நீல நிறத்தில், 'சடக் சடக்' என்று ஓசை கேட்கும்படி பொறி தாவ வேண்டும். மஞ்சளாக, நூல்போல மெலிந்து, ஓசையின்றி வந்தால் அது பகல் வெளிச்சத்தில் பொறியாகத் தெரிந்தாலும், சிலிண்டருக்குள் அழுத்தத்தின் நடுவே தாவும் வலிமை அதற்கு இராது. 'பொறி வருகிறது' என்று சொல்லி அடுத்த வேலைக்குப் போய்விடுகிறவர்கள் ஏமாறுவது இந்த மஞ்சள் பொறியில்தான்.

நடு ஒயரில் நல்ல பொறி வந்தால், காயில், பாயிண்ட், கன்டென்சர் மூன்றும் அந்த நேரத்துக்குக் குற்றமற்றவை. அடுத்து, ஒரு பிளக்கைக் கழற்றி அதன் ஒயரிலேயே செருகி, உடலை எஞ்சினில் படவைத்துப் பார்க்க வேண்டும். காயிலில் இருக்கும் பொறி பிளக்கில் இல்லையென்றால் இடையிலுள்ள டெல்கோ மூடியும், அதற்குள் சுழன்று பொறியைப் பிரித்துத் தரும் ரோட்டாரும்தான் விசாரணைக்கு உரியவை. மூடியின் உட்புறத்தில் ஈரம் இருக்கிறதா, தலைமுடி அளவுக்குக் கரிக்கோடு ஓடியிருக்கிறதா, நடுவிலுள்ள சிறு கார்பன் குச்சி உள்ளே சிக்காமல் வில்போல் எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் மூடியை உலர்ந்த துணியால் துடைத்தாலே கார் கிளம்பிவிடுவது உண்டு.

ரோட்டாரைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. மூடியைக் கழற்றிவிட்டு, ரோட்டாரை அதன் இடத்திலேயே வைத்து, காயிலின் நடு ஒயர் முனையை ரோட்டாரின் பித்தளைத் தகட்டுக்குச் சில மி.மீ. மேலே பிடித்து எஞ்சினைச் சுற்ற வேண்டும். ரோட்டார் நல்ல நிலையில் இருந்தால் அங்கே பொறி தாவ வழியே இல்லை. தொடர்ந்து தாவினால், ரோட்டாரின் உடல் துளைபட்டு, மின்சாரம் கீழேயுள்ள தண்டுக்குள் இறங்குகிறது. புதிதாக வாங்கிய ரோட்டார்களிலும் இதைக் கண்டிருக்கிறேன். ஆகவே புதியது என்பதற்காக எதையும் விசாரணையிலிருந்து விடுவிக்க வேண்டாம்.

நடு ஒயரிலேயே பொறி இல்லை என்றால்

இங்கேதான் ஒரு சிறிய டெஸ்ட் லேம்ப் தன் விலைக்குப் பன்மடங்கு உழைக்கிறது. அதன் ஒரு முனையை எஞ்சினின் உலோகத்தில் கவ்வவைத்து, சாவியைத் திருப்பி, மறுமுனையைக் காயிலுக்கு மின்சாரம் வரும் டெர்மினலில் வைக்க வேண்டும். எரியவில்லை என்றால் காயிலுக்கு மின்சாரமே வரவில்லை. சாவிச் சுவிட்ச், இடையிலுள்ள இணைப்புகள், ஒயர் ஆகியவற்றில் ஒன்று அறுந்திருக்கிறது. லூகாஸ் முறைப்படி சாவியிலிருந்து வரும் ஒயர் வெள்ளை நிறம் என்பார்கள். நாற்பது ஆண்டுகளாக எத்தனையோ கைகள் ஒட்டுப்போட்ட காரில் நிறத்தை நம்புவதைவிட லேம்ப்பை நம்புவது மேல். அவசரத்துக்கு, பேட்டரியில் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு ஒயரை நேராக அந்த டெர்மினலுக்கு இழுத்துக் கொடுத்தால் கார் கிளம்பிவிடும். கோளாறு சாவிப் பக்கம் என்பதற்கும் அதுவே சான்று. அப்படிக் கிளப்பிய எஞ்சினைச் சாவியால் நிறுத்த முடியாது, ஒயரைப் பிடுங்கித்தான் நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் நினைவில் கொள்க. பழைய கார்கள் சிலவற்றில் பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு எர்த் ஆகியிருக்கும் என்பதால், எந்த முனை உடலில் போல்ட் செய்யப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் ஒயர் இழுக்கக் கூடாது.

மின்சாரம் வருகிறது என்றால், லேம்ப்பைக் காயிலின் மற்றொரு டெர்மினலுக்கு, அதாவது டெல்கோவுக்கு மெல்லிய ஒயர் போகும் முனைக்கு, மாற்றிக்கொண்டு எஞ்சினைச் சுற்றச் சொல்ல வேண்டும். பாயிண்ட் திறக்கும்போது லேம்ப் எரிந்து, மூடும்போது அணைய வேண்டும். ஆகவே சுற்றும்போது அது கண்சிமிட்ட வேண்டும். கண்சிமிட்டுகிறது, ஆனால் பொறி இல்லை அல்லது மெலிந்த பொறி என்றால் கன்டென்சர் அல்லது காயிலின் உயர் மின்னழுத்தச் சுற்று. எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடவே இல்லை: அதன் முகத்தில் எண்ணெயோ கரியோ படிந்திருக்கலாம், அல்லது உள்ளே ஒயர் அறுந்திருக்கலாம். எரியவே இல்லை என்றால், டெல்கோவுக்குப் போகும் மெல்லிய ஒயரைக் காயிலிலிருந்து கழற்றிவிட்டுப் பாருங்கள். இப்போது எரிந்தால் டெல்கோவுக்குள்தான் கோளாறு: பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கன்டென்சரோ அதன் ஒயரோ உடலோடு தொட்டு ஷார்ட் ஆகியிருக்கிறது. அப்போதும் எரியவில்லை என்றால் காயிலின் உள்ளேயே சுற்று அறுந்துவிட்டது.

பாயிண்ட் இடைவெளி இந்த எஞ்சினில் அகலத் திறந்த நிலையில் 0.015 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.4 மி.மீ. இருக்க வேண்டும், பிளக் இடைவெளி 0.025 அங்குலம். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது பாயிண்ட் நிமிடத்துக்கு 6000 முறை திறந்து மூடுகிறது என்பதை நினைத்தால், டெல்கோவின் தண்டிலுள்ள கேம் மேல் உரசும் அதன் குதிகால் தேய்ந்து இடைவெளி குறைந்துகொண்டே போவதில் வியப்பில்லை. தேய்ந்து முற்றிலும் திறக்காமல் போகும் நாளில் கார் நிற்கும். எஞ்சினின் முன்னால் கிராங்க் ஹேண்டில் போடும் வசதி உள்ள காரில், பாயிண்ட்டை அகலத் திறந்த நிலைக்குக் கொண்டுவருவது மிக எளிது. முகங்களை மெல்லிய உப்புத்தாளால் இழைத்த பின், ஒரு வெள்ளைத் தாளை இடையில் வைத்து இழுத்துத் துடைத்துவிட வேண்டும். தூளோ எண்ணெயோ மிஞ்சினால் அதுவே அடுத்த கோளாறாகும்.

கன்டென்சரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாயிண்ட் திறக்கும் கணத்தில் மின்சாரம் அந்த இடைவெளியில் தீப்பொறியாகத் தாவாமல் தான் வாங்கிக்கொண்டு, காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரிய வழிசெய்வது அதன் வேலை. அது பலவீனப்பட்டால் பாயிண்ட் முகங்களில் நீலப் பொறி தெறிக்கும், முகங்கள் கருகும், பிளக்குக்குப் போகும் பொறி மெலியும். சூடானதும் கெட்டு, ஆறியதும் சரியாகும் குணமும் அதற்கு உண்டு. வழியில் இதைச் சோதிக்க மீட்டர் தேவையில்லை: நல்லது என்று தெரிந்த வேறொரு கன்டென்சரை டெல்கோவுக்கு வெளியிலேயே வைத்து, அதன் உடலை எஞ்சினோடு கவ்வவைத்து, ஒயரைக் காயிலின் டெல்கோ பக்க டெர்மினலில் இணைத்துப் பார்க்கலாம். பழையது உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் மட்டும் அதன் ஒயரைக் கழற்றிவிட்டாக வேண்டும். இன்று கடைகளில் கிடைக்கும் கன்டென்சர்களின் தரம் ஒரே சீராக இல்லை. ஆகையால் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கன்டென்சரைச் 'சர்வீஸ்' என்ற பெயரில் தூக்கி எறிவதை நான் ஏற்பதில்லை. மாற்றினாலும் பழையதை டிக்கியில் வைத்திருப்பேன்.

காயில் சூட்டில் கெடுவதற்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு. கார் அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் குறையின்றி ஓடும், திடீரென்று நிற்கும், இருபது முப்பது நிமிடம் ஆறினால் கிளம்பும், அடுத்த முறை அரை மணிக்கும் முன்பே நிற்கும். நின்ற உடனே பொறி பார்த்தால் இருக்காது. காயிலைச் சாவி அணைத்த நிலையில் தொட்டுப் பார்த்தால் கை பொறுக்காது. ஈரத் துணியை அதன் உடலில் சுற்றிச் சில நிமிடம் குளிரவைத்து, டெர்மினல்களைத் துடைத்துவிட்டு மறுபடி பொறி பார்க்க வேண்டும். வந்துவிட்டால் காயில்தான் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். புதுக் காயில் வாங்கும்போது அது கூடுதல் மின்தடையோடு ஓட வேண்டிய வகையா, நேரடியாக ஓடும் வகையா என்று கேட்டு வாங்க வேண்டும். 1.5 ஓம் காயிலைத் தடையின்றி 12 வோல்ட்டில் இணைத்தால் அதன் வழியே 8 ஆம்பியர் வரை பாயலாம். அந்தக் காயிலும் பாயிண்ட்டும் அதிக நாள் தாங்கா.

என்னை மாதக்கணக்கில் அலைக்கழித்த கோளாறு இவற்றில் எதுவுமில்லை. திண்டிவனத்தைத் தாண்டிய நேர்ச்சாலையில் கார் ஒரே வெட்டாக நிற்கும். ஓரங்கட்டி பானட்டைத் திறந்து செல்ஃப் அடித்தால் உடனே கிளம்பும், ஐட்லிங்கில் எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிற்கும். காயில், கன்டென்சர், பாயிண்ட் எல்லாம் மாற்றியாயிற்று. கடைசியில் டெல்கோவுக்குள் பாயிண்ட்டுக்குப் போகும் அந்தக் குட்டைப் பின்னல் ஒயரை விரலால் இழுத்தபோது ரப்பர்போல நீண்டது. உறைக்குள்ளே செம்பு அறுந்து, இரண்டு முனைகளும் வெறுமனே ஒட்டிக்கொண்டிருந்தன. சீரான வேகத்தில், எஞ்சினின் உறிஞ்சலால் பொறியின் நேரத்தை முன்தள்ளும் வாக்குவம் அட்வான்ஸ் பாயிண்ட் தகட்டைத் திருப்பும்போது முனைகள் விலகும். நின்றதும் தகடு பழைய இடத்துக்கு வர, முனைகள் மறுபடி சேரும். அந்தத் தகட்டைக் கையால் இருபுறமும் திருப்பிக்கொண்டே டெஸ்ட் லேம்ப்பைப் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை. தகட்டை உடலோடு இணைக்கும் எர்த் ஒயரும் இதேபோல் அறுவது உண்டு.

பெட்ரோல் வருகிறதா?

நல்ல நீலப் பொறி உறுதியான பிறகே இந்தப் பக்கம் வர வேண்டும். பெட்ரோல் முள்ளை நம்பாமல், டாங்கில் ஒரு சுத்தமான குச்சியை விட்டு அளந்து பார்ப்பது கேவலமான செயல் அன்று. டாங்க் மூடியைத் திறக்கும்போது 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் ஓசை கேட்டால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பம்ப் உறிஞ்ச உறிஞ்ச உள்ளே வெற்றிடம் கூடி, ஒரு கட்டத்தில் பெட்ரோல் வர மறுக்கும். மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்து, காயிலின் நடு ஒயரை எர்த் செய்துவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, செல்ஃப் அடிக்க வேண்டும். எஞ்சினின் கேம் தண்டால் இயங்கும் பெட்ரோல் பம்ப் ('ஏ.சி.' என்பது அதன் தயாரிப்புப் பெயர்) நல்ல நிலையில் இருந்தால் ஒவ்வொரு தள்ளலிலும் பெட்ரோல் பீறிட்டு வரும். சொட்டினாலோ நுரையாக வந்தாலோ, பம்ப்பின் கண்ணாடிக் கிண்ணத்தையும் அதன் வலையையும் பாருங்கள். கிண்ணத்தின் வாஷர் சுருங்கியிருந்தாலும், டாங்க்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும், பம்ப் பெட்ரோலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். அந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கம் என்பதால் வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது. ஒழுகல் இல்லை என்பதால் ஹோஸ் நல்லது என்று முடிவு செய்யக் கூடாது. பம்ப்பினுள் இருக்கும் சவ்வான டயாஃப்ரம் கிழிந்தால் பம்ப்பின் அடித்துளை வழியே பெட்ரோல் சொட்டும், அல்லது எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் நெடி அடித்தால் ஆயிலை மாற்றாமல் எஞ்சினை ஓட்டுவது ஆபத்து.

பம்ப்பில் குறையில்லை, ஆனாலும் கார் பத்து நிமிடம் ஓடித் திணறி நின்று, கொஞ்சம் ஓய்வுக்குப் பின் கிளம்பி மறுபடி நிற்கிறது என்றால் டாங்க்கின் உள்ளே துருவும் படிவும் மிதக்கின்றன. ஓடும்போது அவை உறிஞ்சு குழலின் வாயில் வந்து ஒட்டும். நின்றதும் உதிர்ந்து கீழே படியும். காயில் கோளாறும் இதுவும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்: நிற்கும், ஆறும், கிளம்பும். பொறியை அந்த நேரத்திலேயே பார்த்தவருக்கு மட்டும்தான் வேறுபாடு தெரியும்.

இப்போது எத்தனாலைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, இன்று பரவலாகிவிட்டது. இந்தக் கார்களின் ஹோஸ்களும் டயாஃப்ரங்களும் வாஷர்களும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை உப்பி, பிசுபிசுத்து, உதிர்கின்றன. பல்லாண்டுப் படிவை எத்தனால் கரைத்துப் பெயர்த்துக்கொண்டு வந்து கார்புரேட்டரின் நுண்துளையான ஜெட்டில் சேர்க்கிறது. நீரையும் ஈர்ப்பதால், மழைக்காலம் முழுவதும் நின்றிருந்த காரின் டாங்க்கில் நீர் தனியே பிரிந்து அடியில் தங்கக்கூடும். பாட்டிலில் பிடித்த பெட்ரோலைச் சிறிது நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் வேறொரு படலம் தெரிந்தால் கார்புரேட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

வெயிலில் நின்ற கார்

சித்திரை வெயிலில் ஓடி வந்த காரை உணவகத்தின் முன் இருபது நிமிடம் நிறுத்திவிட்டுத் திரும்பினால் கிளம்பாது. 'ஏர்லாக்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். உண்மையில் ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு நிலைகள் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன.

முதலாவது, பம்ப்பிலோ குழாயிலோ பெட்ரோல் ஆவியாகி, பம்ப் ஆவியைத்தான் அழுத்திக்கொண்டிருக்கிறது. கார்புரேட்டருக்கு எதுவும் வந்து சேர்வதில்லை. பிளக்கைக் கழற்றினால் உலர்ந்திருக்கும். ஈரத் துணியைப் பம்ப்பின் மேலும் உலோகக் குழாயின் மேலும் போட்டுக் குளிரவைத்தால் பெட்ரோல் வரத் தொடங்கும். சுடும் வெளியேற்றுக் குழலின் மேல் மட்டும் நீர் படக் கூடாது. அந்த வார்ப்பிரும்பு விரிசல் விடும். இரண்டாவது, கார்புரேட்டர் கிண்ணத்திலேயே பெட்ரோல் கொதித்து உட்குழலுக்குள் வழிந்து நிறைந்துவிடுகிறது. இந்த எஞ்சினில் கார்புரேட்டர் வெளியேற்றுக் குழல் தொகுதிக்கு மேலேயே உட்கார்ந்திருப்பதால் நின்ற பிறகு ஏறும் வெப்பம் முழுவதும் அதன்மேல்தான் அடிக்கிறது. இப்போது பிளக் நனைந்திருக்கும், நெடி அடிக்கும். சோக்கை முழுதும் உள்ளே தள்ளி, ஆக்ஸிலரேட்டரை அடிவரை ஒரே மிதியாக மிதித்தபடி, விட்டுவிட்டு மிதிக்காமல், செல்ஃப் அடித்தால் மிகுதிப் பெட்ரோல் வெளியேறிக் கிளம்பும். பெட்ரோல் வரவில்லை என்று எண்ணி இந்த இரண்டாவது நிலையில் சோக் இழுத்து மிதித்துக்கொண்டே இருந்தால், பேட்டரி தீரும் வரை கிளம்பாது.

இதோடு தொடர்புடைய ஒரு சிறு உண்மை: எஸ்.யு. என்ற வகைக் கார்புரேட்டரில் ஆக்ஸிலரேட்டர் பம்ப், அதாவது மிதிக்கும்போது பெட்ரோலைப் பீச்சும் அமைப்பு, கிடையாது. எனவே எஞ்சின் நின்றிருக்கும்போது எத்தனை முறை மிதித்தாலும் ஒரு சொட்டு பெட்ரோலும் உள்ளே பாய்வதில்லை. சோலெக்ஸ் என்ற மற்றொரு வகைக் கார்புரேட்டர்கள் பலவற்றில் அது உண்டு. அங்கே ஒவ்வொரு மிதிக்கும் பெட்ரோல் பீச்சும்.

கார்புரேட்டர் வரை பெட்ரோல் வந்தும் உள்ளே போகவில்லை என்றால், கிண்ணத்தின் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட்டின் ஊசி வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம். கிண்ணத்தின் பக்கத்தில் திருப்புளியின் பிடியால் மெதுவாகத் தட்டினால் விடுபடும். வழிந்துகொண்டே இருந்தாலும் அதே தட்டல் சில வேளைகளில் கேட்கும். எஸ்.யு. வகையில் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் 'டக்' என்று அடியில் விழ வேண்டும். தயங்கினால் அறையைத் துடைத்து, மேலே ஆயில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பொறியும் பெட்ரோலும் இருந்தும் கிளம்பாவிட்டால்

இது அரிது, சோதிக்க எளிது. டெல்கோ மூடியைக் கழற்றி, எஞ்சினைச் சுற்றும்போது ரோட்டார் சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலவில்லை என்றால் அதன் இயக்கத் தண்டோ டைமிங் செயினோ போய்விட்டது. வண்டி இழுத்துச் செல்லப்பட வேண்டியதுதான். டெல்கோவைக் கவ்வும் போல்ட் தளர்ந்து, அதன் உடலே திரும்பி, பொறி விழும் நேரம் (டைமிங்) மாறியிருக்கலாம்; கையால் திருப்ப முடிகிறது என்றால் அதுவே விடை. சற்று முன்பு பிளக் ஒயர்களைக் கழற்றியிருந்தால், வரிசை 1, 3, 4, 2 என்று மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடவும். செல்ஃப் வழக்கத்தைவிட லேசாக, விர்ரென்று சுற்றுகிறது என்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், இல்லை. பிளக் துளையைக் கட்டைவிரலால் அடைத்துச் சுற்றினால் விரலைத் தள்ளும் வலு ஒவ்வொரு சிலிண்டரிலும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் இல்லை என்றால் சிலிண்டர்களுக்கும் அவற்றின் மேல்மூடிக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட் இடையில் ஊதியிருக்கிறது.

கண்டுபிடித்ததை உறுதிசெய்தல்

ஒரே நேரத்தில் காயிலும் கன்டென்சரும் பாயிண்ட்டும் மாற்றி, கார் கிளம்பிவிட்டால், எது கெட்டிருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆறியதால்தான் கிளம்பியதா என்பதும் தெரியாது. ஒன்றை மட்டும் மாற்றி, பொறி பார்த்து, பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். வீடு திரும்பிய பின், நின்ற அதே சூழ்நிலையை மறுபடி உண்டாக்க வேண்டும். நண்பகலில் நின்றது என்றால் நண்பகலில், முக்கால் மணி ஓட்டத்தில் நின்றது என்றால் ஒரு மணி நேரம், வீட்டைச் சுற்றியுள்ள சாலைகளிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். நிற்காவிட்டால், கழற்றிய பழைய உறுப்பை மறுபடி மாட்டி அதே சாலையில் அதே நேரம் ஓட்டுங்கள். அது மறுபடி நின்றால் பழைய உறுப்பின் மேல் பெயிண்டால் ஒரு குறி போட்டுக் குப்பையில் சேர்க்கலாம். நிற்காவிட்டால், டெஸ்ட் லேம்ப்பை டிக்கிக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். முன் இருக்கையிலேயே இருக்கட்டும்.